பெட்டி எண் 104

2023 ஜனவரி 8, ஞாயிறு, காலை 6.40. மொத்தம் 214 உருப்படிகள்.

இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் 214 துணிகள். நிறைமதியுடையவை 97, அகரனுடையவை 81, யாருடையது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதவை 23, ஜோடி இல்லாத சாக்ஸ் 13. எண்ணி முடிக்க ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. அதில் நாற்பது நிமிடம், எண்ணி வைத்த அடுக்கின் மேல் அகரன் ஏறி உட்கார்ந்ததால் வீணானது.

நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவுக்குப் பொறுப்பாளன். ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவன். ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் குழந்தைச் சட்டைகள் என் பிரிவைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போகின்றன. ஜெர்மனியில் முகம் தெரியாத ஒரு பிள்ளையின் சட்டைக்குக் கைநீளம் ஒரு சென்டிமீட்டர் கூடினாலும் பிடித்துவிடுவேன். என் சொந்த மகன் நேற்று தன் அக்காவின் ஜட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு விருந்தாளி முன்னால் வந்து நின்றான். இதற்கு மேல் பொறுக்க முடியாது.

இதுவரை இருந்தது தாரணியின் முறை. பீரோவின் கீழ்த்தட்டில் பழைய புடவையில் கட்டிய மூன்று மூட்டைகள். முதல் மூட்டை ‘சின்னது’. இரண்டாவது ‘பெருசு’. மூன்றாவது ‘அப்புறம் பாக்கலாம்’. மூன்றாவதுதான் மற்ற இரண்டையும் சேர்த்ததைவிடப் பெரியது. தாரணி என் மனைவி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எம்ப்ராய்டரி டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். இரண்டாயிரம் தையல் உள்ள ஒரு மயிலைப் பிசகில்லாமல் போடத் தெரிந்தவளுக்கு மூட்டையில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

புதிய முறை: வயது கணக்கில் இல்லை. ஐரோப்பாக்காரன் குழந்தை உடையில் வயதை எழுதமாட்டான், உயரத்தை எழுதுவான். 98 என்றால் 98 சென்டிமீட்டர் உயரம் வரைக்கும். அடுத்தது 104. இப்படி ஆறு ஆறாக ஏறும். கம்பெனியில் கழித்துப்போட்ட அட்டைப்பெட்டிகளில் எண் ஒட்டியாயிற்று: 92, 98, 104, 110. ஒவ்வொரு பெட்டியிலும் பிள்ளையின் பெயர் எழுதிய அட்டை செருக ஓர் இடம். மாதம் ஒருமுறை சுவரோரம் நிற்கவைத்து உயரம் எடுக்கப்படும். பிள்ளை பெட்டியின் எண்ணைத் தாண்டினால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அட்டையை அந்தப் பிள்ளையே எடுத்துச் செருகலாம், மற்றவர்கள் கைதட்ட வேண்டும். பழைய பெட்டியில் உள்ளது தம்பிக்கோ வெளியாருக்கோ போய்விடும். எதுவும் தேங்காது.

இன்றைய அளவு: நிறைமதி (நாலே கால் வயது) 99.0, பெட்டி 104. அகரன் (இரண்டு வயது ஐந்து மாதம்) 91.0, பெட்டி 92.

தாரணி ஒரே ஒரு கருத்து சொன்னாள்.

“ஏனுங்க, போன பொங்க நோம்பிக்கு எடுத்த பாவாடை இந்த வருசமும் அவளுக்கு அப்படியே இருக்குது. ஒரு விரக்கடைகூட ஏறல.”

நல்ல தையல் என்றேன்.

ஜனவரி 9

பெட்டி 92-இல் யாரோ என்னுடைய கைக்குட்டையைப் போட்டிருக்கிறார்கள். விசாரணை நடக்கிறது.

பிப்ரவரி 5, ஞாயிறு

முதல் மாத அளவெடுப்பு. அகரன் 91.7. அவனை நிற்கவைக்க ஒரு வாழைப்பழமும் இரண்டு பொய்யும் தேவைப்பட்டன. நிறைமதி 99.0.

நிறைமதியைப் பற்றி எழுத எதுவுமில்லை, அதுதான் அவளுடைய சிறப்பு. நிற்கச் சொன்னால் நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாள். அகரன் ஒரு நாளைக்குச் சராசரி 4.2 உடைகளை அழுக்காக்குகிறான், அவள் 1.3. வேர்ப்பதும் இல்லை, புழுதியில் புரள்வதும் இல்லை. மதியம் சாப்பிட்டுப் படுத்தால் பொழுதுசாய எழுப்பினால்தான் எழுகிறாள். இரண்டு பிள்ளையும் இவள் மாதிரி இருந்தால் நாட்டில் சோப்புக் கம்பெனிகளை மூட வேண்டியதுதான்.

மார்ச் 12, ஞாயிறு

இன்று வரலாற்று நாள். அகரன் 92.4. பெட்டி 92 ஓய்வு பெற்றது. அவனே அட்டையை எடுத்துப் போய் 98-இல் செருகினான். தலைகீழாக, ஆனாலும் செருகினான். எல்லோரும் கைதட்டினோம். அவன் இன்னொரு முறை கைதட்டச் சொன்னான். தட்டினோம்.

நிறைமதி 99.2. அளவெடுக்கும்போது எக்கி நின்றாள். குதிகாலைத் தரையில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். நான் பென்சிலை எடுப்பதற்குள் மறுபடி எக்கினாள். அளவில் ஏமாற்றுவது எங்கள் கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பும் குற்றம் என்று விளக்கினேன். அட்டையை எப்பொழுது அவள் கையில் தருவேன் என்று கேட்டாள். 104 தாண்டியதும் என்றேன்.

இரண்டு மாதத்தில் இரண்டு மில்லிமீட்டர். இது டேப்பின் கோளாறு. கடையில் வாங்கிய டேப் நாள்பட நீளும். நீண்ட டேப் உயரத்தைக் குறைத்துக் காட்டும். நாளை கம்பெனியிலிருந்து சான்றிதழ் உள்ள இரும்பு டேப் கொண்டுவர வேண்டும்.

மார்ச் 13

இரும்பு டேப். நிறைமதி 99.2. அகரன் 92.4. பழைய டேப் சரியாகத்தான் இருந்திருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 18, செவ்வாய்

வெளியே 38 டிகிரி. குளிர்கால உடைகளைத் தனிப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினேன். மொத்தம் 11. ஒரு மணி நேரத்தில் புகார் வந்தது. நிறைமதிக்கு அவளுடைய பழுப்பு ஸ்வெட்டர் வேண்டுமாம்.

சித்திரை வெயிலில் எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்டேன். “குளுருதுப்பா” என்றாள். மின்விசிறியை நிறுத்தினேன். எனக்கும் அகரனுக்கும் வேர்த்து ஊற்றியது. அவள் பால்கனியில் வெயில் விழும் மூலையில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. இதையும் சொல்லியாக வேண்டும்.

தாரணி நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எழுதிவைக்காமல் சரக்கை வெளியே எடுப்பது முறைகேடு. அவளிடம் சொன்னேன். அவள் ஸ்வெட்டரைப் பிள்ளைக்கு மாட்டிவிட்டாள். பிறகு, பிள்ளையின் கை காலெல்லாம் சில்லென்று இருக்கிறது, தோல் சொரசொரவென்று இருக்கிறது, நீங்கள் தொட்டுப் பார்த்தீர்களா என்றாள். தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன்.

மே 7, ஞாயிறு

நிறைமதியின் நான்கு கால்சட்டைகள் இடுப்பில் இறுக்கம். நீளம் சரி. ஒரே உடையில் அகலம் போதவில்லை, நீளம் மட்டும் சரி என்றால் அது எலாஸ்டிக் கோளாறு. நான்குக்கும் எலாஸ்டிக் மாற்றச் சொல்லியிருக்கிறேன். கன்னமெல்லாம் உப்பி நன்றாக இருக்கிறாள் என்று போனில் படம் பார்த்த என் அம்மா சொன்னார்.

ஜூன் 14, புதன்

பள்ளி திறந்தது. நிறைமதி யு.கே.ஜி. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் புதுச் சீருடை தைக்கக் கொடுத்துவிட்டுத் தையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. போன வருடத்துச் சீருடை அப்படியே பொருந்துகிறது. ஷூ அப்படியே பொருந்துகிறது. ரெயின்கோட் அப்படியே பொருந்துகிறது. இதைத்தான் திட்டமிடல் என்பது.

பொழுதுசாயத் தாரணி பள்ளியிலிருந்து சேதி கொண்டுவந்தாள். வரிசையில் இவளை முதலில் நிற்கவைத்திருக்கிறார்களாம். போன வருடம் நடுவில் நின்றவள். வகுப்பில் தூங்கிவிடுகிறாளாம். ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றாள்.

வரிசை என்பது ஒப்பீடு. மற்ற பிள்ளைகள் உயரமாக இருந்தால் அதற்கு நாம் என்ன செய்வது என்று கேட்டேன். என் அம்மா நாலடி ஒன்பது அங்குலம். இது பரம்பரை விவரக்குறிப்பு, உற்பத்திக் குறை இல்லை.

“உங்கம்மா குள்ளந்தானுங்க, ஒத்துக்கறேன். ஆனா அவங்களும் வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா வளந்துதானுங்க குள்ளமானாங்க.”

வாதத்துக்கு இது நன்றாக இருக்கிறது. ஆனால் தரவு இல்லை. விவாதத்தை முடித்துக்கொண்டேன். இன்றைய அளவு நிறைமதி 99.4, அகரன் 94.5.

ஜூலை 20, வியாழன்

தாரணியின் நச்சரிப்பைத் தொழில்நுட்ப முறையில் தீர்க்க முடிவு செய்தேன். அவள் சொல்வது: ஒன்றரை வருடமாக அதே கவுன் அதே பிள்ளைக்குப் பொருந்துகிறது. என் பதில்: பின்னல் துணி துவைக்கத் துவைக்கத் தொங்கி நீளும், பிள்ளையோடு சேர்ந்து துணியும் வளர்கிறது. நிரூபிக்க மூன்று கவுன்களைக் கம்பெனி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஐந்து முறை துவைத்து உலர்த்தி அளந்தேன்.

முடிவு: மூன்றும் நீளத்தில் மூன்று சதவீதம் சுருங்கியிருக்கின்றன.

அதாவது துணி குட்டையாகியிருக்கிறது. அப்படியானால் கவுன் அவளுக்கு முட்டிக்கு மேலே ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. மாதிரி மூன்றே மூன்று. இவ்வளவு சிறிய மாதிரியை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்பது அடிப்படைப் பாடம். கோப்பை மூடிவிட்டேன். தாரணியிடம் சோதனை நடக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 17

பெட்டி 104-இல் ஏழு மாதமாக அசைவில்லை. சிறப்பு.

செப்டம்பர் 22, வெள்ளி

கம்பெனியில் மாதாமாதம் கைசன் கூட்டம் நடக்கும். வேலையில் தான் கண்டுபிடித்த சின்ன முன்னேற்றத்தை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம், சிறந்ததுக்குப் பரிசு. இந்த மாதம் ஆள் குறைவு. வீட்டு முறையையே சொல்லிவிட்டேன். பெட்டிகளின் படம், அட்டைகளின் படம், கடைசியாக வரைபடம். நீலக்கோடு அகரனின் உயரம், சிவப்புக்கோடு நிறைமதியின் உயரம். நீலக்கோடு படியேறுவது போல ஏறும்போதெல்லாம் ஒரு பெட்டித் துணி கழிகிறது. சிவப்புக்கோடு தட்டையாக இருப்பதால் கழிவு பூஜ்ஜியம். இரண்டாவது கோடுதான் நம் எல்லா வீடுகளுக்கும் இலக்கு என்றேன். நல்ல கைதட்டல். பொது மேலாளர் முகத்தில் அபூர்வமாகச் சிரிப்பு.

கேள்வி உண்டா என்றார்கள். அளவு மேசையில் வேலை செய்யும் வேலுத்தாய் கை தூக்கினார். விருதுநகர்ப் பக்கம், மூன்று பிள்ளைகளின் தாய், டேப்பைப் போட்டாரென்றால் எனக்கே மறு அளவு தேவைப்படாது.

“சார், அந்தச் செவப்புக் கோடு துணியோட அளவா, பாப்பாவோட அளவா?”

பாப்பாவுடையது என்றேன்.

“அப்ப ஏன் சார் அது படுத்தே கெடக்கு? பாப்பா நல்லாத்தான இருக்கு?”

ஏசி ஓடும் சத்தம் கேட்டது. இது உடை மேலாண்மை பற்றிய கூட்டம், சம்பந்தமில்லாத கேள்விகளைத் தவிர்க்கலாம் என்றேன். “சரி சார்” என்று உட்கார்ந்துவிட்டார்.

முதல் பரிசு, ஐந்து லிட்டர் குக்கர். தாரணியிடம் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். வரைபடத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். குக்கரை அட்டைப்பெட்டியோடு கட்டிலடியில் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 23

வேலுத்தாயை அளவு மேசையிலிருந்து பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினேன். அங்கே ஆள் பற்றாக்குறை. நேற்றைய கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

செப்டம்பர் 25

பிசிறு மேசையில் ஆள் பற்றாக்குறை இல்லை என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். பார்க்கலாம்.

அக்டோபர் 9, திங்கள்

நிறைமதிக்கு ஐந்து முடிந்தது. மச்சான் கோயம்புத்தூரிலிருந்து பட்டுக் கவுன் வாங்கி அனுப்பியிருந்தார். ‘5 வயது’ என்று பட்டை. போட்டுப் பார்த்தால் தரையைக் கூட்டுகிறது; தோள் சரிந்து கைக்கு வந்துவிட்டது. வயதை வைத்து அளவு போடும் முட்டாள்தனத்துக்கு இதைவிடச் சான்று வேண்டாம். கம்பெனியில் ஒட்டும் சிவப்பு நிராகரிப்பு ஸ்டிக்கரை ஒட்டி 110-ஆம் பெட்டியில் வைத்தேன்.

தாரணி கவுனை எடுத்து ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். மச்சானின் பெண் நிறைமதியைவிட இருபது நாள் இளையவள். அதே கவுன் அவளுக்குச் சரியாக இருந்ததால்தான் அதே அளவில் இன்னொன்று எடுத்தாராம்.

அந்தக் குடும்பத்தில் எல்லோரும் நெட்டை என்றேன்.

“அந்தக் குடும்பந்தானுங்க என் குடும்பமும்” என்றாள்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் டீ ஷர்ட். பார்வைக்கு ஒரே அளவு. கீழ்வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் ரெட்டைப் பிள்ளைகளா என்று கேட்டார். நிறைமதிக்கு ஐந்து, இவனுக்கு மூன்று என்றேன். அவர் சிரிப்பதற்காக ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டு, அப்படிங்களா, என்றார்.

நல்லதுதான். இரண்டு பேருக்கும் பொதுவான இருப்பு வைத்தால் மொத்த எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். தாரணியிடம் இந்த யோசனையைச் சொல்ல நினைத்தேன். அவள் மாடிப்படியில் உட்கார்ந்து நிறைமதியின் பாதத்தைத் தன் உள்ளங்கையில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தத்தில் என்னிடம் ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. திருப்பிக் கேட்டிருக்கலாம்.

நவம்பர் 19

தாரணி பத்து நாளாகத் துணியைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. புகார் பூஜ்ஜியம். இந்தப் பூஜ்ஜியம் எனக்குப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

காலை 7.15. அகரன் 98.3.

விதிப்படி அவன் அட்டை 104-க்குப் போக வேண்டும். அவனே எடுத்துக்கொண்டு ஓடினான். செருகும் இடத்தில் ஏற்கெனவே ஓர் அட்டை இருந்தது. நிறைமதியின் அட்டை. ஜனவரி 8 அன்று நான் செருகியது. ஓரம் மஞ்சளாகியிருந்தது.

ஒரு பெட்டிக்கு ஓர் இடம்தான் வெட்டியிருந்தேன். அக்கா இருக்கும் பெட்டிக்குத் தம்பி வந்து சேருவான் என்று யோசிக்கவேயில்லை. அப்படி நடந்தால் என்ன செய்வது என்று விதி இல்லை. அகரன் அக்காவின் அட்டையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டுத் தன்னுடையதைச் செருகினான். கைதட்டச் சொன்னான். நிறைமதி கைதட்டினாள். அவள் மட்டும்தான் தட்டினாள்.

பிறகு அவளை நிற்கவைத்தேன். 100.1. மறுபடி, 100.1. தலைமேல் வைக்கும் மூலைமட்டத்தை மாற்றி வைத்து மூன்றாம் முறை, 100.1.

“இன்னும் நிமிரட்டுமாப்பா?” என்று கேட்டாள்.

பதினோரு மாதம், ஒரு சென்டிமீட்டர் ஒரு மில்லி. அவனுக்கு ஏழு சென்டிமீட்டர் மூன்று மில்லி. ஒரே சுவர், ஒரே டேப், ஒரே ஆள். டேப்பில் தவறில்லை. துணி நீளவில்லை, அதை ஜூலையிலேயே நானே நிரூபித்து நானே மூடிவைத்தேன். எல்லா எண்ணும் என் கையெழுத்தில் இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஒருவன் இப்படி ஒரு தாளை வைத்துக்கொண்டு சரக்கைக் கப்பலேற்றியிருந்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

சமையலறைக்குப் போய், டாக்டரிடம் போக வேண்டும் என்றேன்.

தாரணி தோசையைத் திருப்பிப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“நாளைக்குப் பத்து மணிக்கு டோக்கன் வாங்கிட்டனுங்க. தீபாவளிக்கே சொன்னேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நான் கூட்டிட்டுப் போறேன்.”

வருகிறேன் என்றேன்.

“அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க” என்றாள்.

டிசம்பர் 4, திங்கள்

குழந்தைகள் டாக்டர் ஐம்பது வயதுக்காரர். அதிகம் பேசாதவர். நிறைமதியை அவரே நிற்கவைத்து அளந்தார். 100.1. என்னுடைய அளவும் அவருடைய அளவும் ஒரு மில்லிகூடப் பிசகவில்லை. எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. அதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

பழைய அளவு ஏதாவது இருக்கிறதா என்றார். நோட்டை நீட்டினேன். அவர் தன் தாளில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு புள்ளி வைத்தார். வளரும் பிள்ளைகளின் கோடுகள் அதில் அச்சாகவே இருக்கின்றன. எல்லாம் மேல்நோக்கிப் போகின்றன. நிறைமதியின் புள்ளிகள் ஒவ்வொரு கோடாகக் குறுக்கே வெட்டிக் கீழே இறங்கி, கடைசிக் கோட்டுக்கும் வெளியே போய்விட்டன. என் வரைபடத்தில் இந்தக் கோடுகள் இல்லை. ஒரே ஒரு பிள்ளையோடு ஒரு பெட்டியை மட்டும்தான் ஒப்பிட்டிருந்தேன்.

பிறகு கேள்விகள். குளிர்கிறது என்பாளா. மலச்சிக்கல் உண்டா. தோல் வறண்டிருக்கிறதா. அதிகம் தூங்குகிறாளா, விளையாட்டில் ஆர்வம் குறைந்ததா, முகம் உப்பியதா. எல்லாவற்றுக்கும் தாரணி ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். மலச்சிக்கல் தவிர மற்ற எல்லாவற்றையும் நானும் எழுதிவைத்திருக்கிறேன், ஒவ்வொன்றையும் நல்ல செய்தியாக.

டாக்டர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி புரட்டினார்.

“இது யார் எழுதினது?”

நான் என்றேன்.

“முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு பேரண்ட் இவ்வளவு சுத்தமா அளவு எடுத்துவச்சு நான் பாத்ததில்ல.” நோட்டை மூடினார். “மார்ச்லயே தெரிஞ்சிருக்கே. ஏன் சார் வரல?”

தாரணி என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

ரத்தம் எடுத்தார்கள். நிறைமதி கையை நீட்டினாள். ஊசி குத்தும்போதுகூட நகரவில்லை. எவ்வளவு சமத்து என்றார் நர்ஸ். அந்த வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 6, புதன், மாலை 5.20

முடிவு வந்துவிட்டது. தைராய்டு சுரப்பி ஏறக்குறைய நின்றுவிட்டது. சுரப்பி வேலை செய்யாதபோது ஏறும் டி.எஸ்.எச். எண், ஐந்துக்குள் இருக்க வேண்டியது, நூறைத் தாண்டியிருக்கிறது. மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்புக்கு மூன்றரை வயதுதான் என்றார் டாக்டர். அதைக் கேட்டுத் தாரணி முகத்தை மூடிக்கொண்டாள். அது ஒருவகையில் நல்லது, வளர்வதற்கு எலும்பில் இன்னும் இடம் இருக்கிறது என்று அர்த்தம் என்றார். இந்தக் கோளாறு மூன்று வயதுக்கு அப்புறம் வந்ததால் மூளை வளர்ச்சியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தினம் ஒரு மாத்திரை, அநேகமாக ஆயுளுக்கும். முதல் வருடம் வேகமாக வளர்வாள். விட்டதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடலாம்.

பெரும்பகுதி என்றால் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். தெரியாது என்றார். முன்னாலேயே வந்திருந்தால் இந்தக் கேள்வியே தேவைப்பட்டிருக்காது என்றார்.

ஆட்டோவில் நிறைமதி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், ஜூலையில் நடந்த சோதனையின் முடிவைச் சொன்னேன். மூன்று சதவீதம் சுருங்கியது என்றேன்.

தாரணி நிறைமதியின் தலையைத் தன் மடிக்கு நகர்த்தினாள்.

“ஜூலைலயே தெரியுமா?”

தெரியும் என்றேன்.

“எனக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், எம்புள்ள கை சில்லுனு இருக்குதுங்கறது மட்டுந்தான். அதை எப்படிங்க நோட்டுல எழுதறது? அஞ்சு மாசம், ஒருவேளை நான்தான் பைத்தியக்காரி மாதிரி நினைக்கறனோன்னு இருந்தேன்.”

வீடு வந்தபோது நிறைமதியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கினால் எனக்கு மூச்சு வாங்க வேண்டும். வாங்கவில்லை.

டிசம்பர் 7, வியாழன், காலை 11.00

கம்பெனிக்குப் போகவில்லை. இனிச் செய்யவேண்டியவை:

1. மாத்திரை நாளையிலிருந்து. கடையில் வாங்கி வந்தாயிற்று. வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு இருப்பு, ஒரு மாதத்துக்கு உபரி. இதில் மட்டும் உபரி வைக்க அனுமதி.

2. வேலுத்தாயைத் திரும்ப அளவு மேசையில் போட வேண்டும். மேற்பார்வையாளர் மூலமாக இல்லை, நானே போய்ச் சொல்ல வேண்டும். அவர் “பரவால்ல சார்” என்பார். பரவாயில்லை என்பதை ஏற்கக்கூடாது.

3. டிசம்பர் 22 கைசன் கூட்டத்தில் அதே வரைபடத்தை மறுபடி போட வேண்டும், டாக்டரின் கோடுகளோடு சேர்த்து. அறையில் நாற்பது பேரில் முப்பது பேருக்காவது வீட்டில் பிள்ளைகள் உண்டு.

4. பள்ளிக்குக் கடிதம்: வகுப்பில் தூங்கினால் எழுப்பித் திட்ட வேண்டாம். காரணம் எழுத வேண்டும். ‘சோம்பல்’ என்ற சொல்லை யாராவது சொன்னால் நேரில் போக வேண்டும்.

5. அம்மாவுக்குப் போன். பரம்பரை என்று சொல்லி அவர்மேல் பழி போட்டதை வாபஸ் வாங்க வேண்டும். அவர் குள்ளம் என்பதில் மாற்றமில்லை.

6. ஆறு வாரம் கழித்து மறு ரத்தச் சோதனை, ஜனவரி 19. தாரணியின் போனிலும் என் போனிலும் அலாரம். அவள் என்ன சொன்னாலும் அன்றே எழுதிக்கொள்ள வேண்டும், அவள் சொன்ன வார்த்தையிலேயே. அளக்க முடியாததையும்.

7. மாத்திரை வெறும் வயிற்றில். அதற்கப்புறம் அரைமணி நேரம் பால்கூடக் கூடாது. ஆக, காலை ஆறு மணிக்கு நிறைமதியை நான்தான் எழுப்புவேன். அவளுக்குப் பசிக்கும், பால் கேட்பாள். ஆறிலிருந்து ஆறரை வரை வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கடிகாரத்தைப் பார்க்கலாம். அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும், திருத்தக்கூடாது. எதுவும் கேட்காவிட்டால், அவள் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும், எவ்வளவு சில்லென்று இருக்கிறதென்று.